குடிவெறியில் வண்டி ஓட்டுவோரும் நமது நற்சாட்சிப் பத்திரமும்

தோட்டத்துக் காரியாலயத்தில் கிராணி வேலை பார்க்கிறவனுக்குச் சம்பளப் பட்டியலும் செம்பனைக் குலைக் கணக்கும் எழுதுவதோடு வேலை தீர்ந்தது என்று பட்டணத்து நேயர்கள் எண்ணுவார்களாயின் அது தவறாகும். ஆங்கிலமும் மலாயும் பிழையின்றி எழுதுவான் என்ற பெயர் ஒருமுறை ஏற்பட்டுவிட்டால், நாலு தோட்டத்து மனுக்களும் அவன் மேசைக்கே வந்து சேரும். பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்தும் மனு, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் மனு, அடையாள அட்டை மனு ஆகியவற்றோடு, இப்போது வேறொரு மனுவும் அடிக்கடி வருகின்றது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவருக்காக மாஜிஸ்திரேட்டின் முன் காட்டும்பொருட்டு, "இவர் நல்லவர், குடும்பஸ்தர், இதுவே இவருடைய முதல் தவறு" என்று எழுதிக் கேட்கும் நற்சாட்சிப் பத்திரமே அது.

இப்படிப்பட்ட பத்திரங்கள் தோட்டத்தில் மட்டும் எழுதப்படுவதாக யாரும் நினைக்க வேண்டாம். பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் கோயில் தலைவர்களும் சங்கத் தலைவர்களும் இவற்றை முத்திரை குத்திக் கொடுக்கிறார்கள். கேட்பவருடைய கண்ணீரைக் கண்டு மனம் இளகுவது மனித சுபாவந்தான். நாமும் இளகியிருக்கிறோம், எழுதியும் இருக்கிறோம். அவ்விதம் எழுதியது தவறு என்பதையும், அந்தத் தவறை நமது சமூகம் தர்மம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்லுவதற்கே இதை எழுதத் துணிந்தோம்.

முதலில் சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 45ஏ பிரிவின்படி, அளவுக்கு மேல் மது உடலில் இருக்க வண்டி ஓட்டினால், ஒருவரையும் தொடாவிட்டாலும் அது குற்றம். பழைய சட்டத்தில் இதற்கு முதல் முறை 1,000 வெள்ளி முதல் 6,000 வெள்ளி வரை அபராதமும், அதிகமாய்ப் போனால் ஓராண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. குடிவெறியால் நேர்ந்த மரணங்களைக் கண்டு நாடு கொதித்த 2020ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 23 முதல் அதே குற்றத்திற்கு 10,000 வெள்ளி முதல் 30,000 வெள்ளி வரை அபராதம். இரண்டாண்டு வரை சிறை. இரண்டாண்டுக்குக் குறையாமல் லைசென்ஸ் இழப்பு. மறுமுறை செய்தால் 20,000 முதல் 50,000 வெள்ளி. ஐந்தாண்டு வரை சிறை. குடிவெறியில் ஓட்டி ஓர் உயிரைக் கொன்றவனுக்கு 44ஆம் பிரிவின்படி முன்பு மூன்று முதல் பத்தாண்டு வரை இருந்த சிறைவாசம், பத்து முதல் பதினைந்தாண்டு என்றாயிற்று. 50,000 முதல் 1,00,000 வெள்ளி வரை அபராதமும் அதனோடு சேரும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருந்த மதுவின் எல்லையும் 50 மில்லிகிராம் என்று குறைக்கப்பட்டது. மூச்சை ஊதிப் பார்க்கும் கருவிக்கு எல்லை 22 மைக்ரோகிராம்.

இச்சட்டத்தைக் குறித்து நம்மவரிடையே எழும் முறையீடுகள் பல. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"இது குடிக்கும் ஜாதிகளைக் குறிவைத்த சட்டம்" என்று சிலர் காதோடு காதாகச் சொல்லுகிறார்கள். சட்டம் குடியைத் தொடவேயில்லை. வீட்டில் உட்கார்ந்து பீப்பாய் பீப்பாயாகக் குடித்துவிட்டுத் திண்ணையில் உருண்டு கிடப்பவரை இந்தச் சட்டம் ஒரு வார்த்தை கேட்காது. குடித்த கையால் சாவியைத் திருகாதே என்பது ஒன்றே அது சொல்வது. இதில் ஜாதி எங்கே வந்தது? மதம் எங்கே வந்தது? சாலையில் நடக்கிறவனுக்கு உயிர் ஒன்றுதானே?

"கொஞ்சந்தான் குடித்தார், நிதானமாகவே ஓட்டினார்" என்பது அடுத்த முறையீடு. குடித்தவன் நிதானத்தைக் குடித்தவனே அளந்து சொல்லுவது, திருடன் கையில் தராசைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். மது முதலில் மயக்குவது காலையோ கண்ணையோ அன்று. தன்னைத் தானே மதிப்பிடும் புத்தியையே அது முதலில் மயக்குகின்றது. "நான் நன்றாய்த்தான் இருக்கிறேன்" என்று உரக்கச் சொல்லுகிறவன் எப்படிப்பட்டவன் என்பதை ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் நாம் பார்க்கவில்லையா? ஆகையால்தான் சட்டம் அவன் வாய்ச்சொல்லைக் கேளாமல் அவன் மூச்சைக் கேட்கிறது.

"எல்லாம் விதி; அன்றைக்கு அவனுக்கு அப்படி எழுதியிருந்தது" என்பது மூன்றாவது. எழுதியது யார்? ஐந்து குவளைகளை ஊற்றிக் கொடுத்தது பிரமனா? வாகன நிறுத்துமிடம் வரை கைத்தாங்கலாய் நடத்திச்சென்று கதவைத் திறந்துவிட்டது சனி பகவானா? மனிதர் செய்ததை மனிதர் தலையில் வைக்க மனமில்லாதவர்கள் அதைத் தெய்வத்தின் தலையில் வைப்பது பழைய வழக்கம். இடியை விதி என்று சொல்லுங்கள், குற்றம் இல்லை. ஏழு மணிக்குக் குடிக்கத் தொடங்கிப் பதினொரு மணிக்கு வண்டியை எடுப்பது நான்கு மணி நேரம் யோசிக்க இடமிருந்த காரியம்.

நான்காவது முறையீடே கனமானது. "பத்தாயிரம் வெள்ளிக்கு ஏழை எங்கே போவான்?" என்கிறார்கள். இதில் ஒரு பாதி உண்மை உண்டு. அதை நாம் மறைக்கப் போவதில்லை. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அச்சம்பளக்காரனுக்கு 10,000 வெள்ளி என்பது ஏறக்குறைய ஆறு மாத உழைப்பு. மாதம் முப்பதாயிரம் சம்பாதிக்கும் கனவானுக்கோ பத்து நாள் வருமானம். ஒரே குற்றம், ஒரே தொகை. ஒருவனுக்கு அது இடி, மற்றவனுக்கு அது கொசுக்கடி. இது நியாயமன்று. பின்லாந்து தேசத்தில் 1921ஆம் ஆண்டு முதலே, அபராதத்தை நாள் கணக்கில் விதித்து, ஒரு நாளின் விலையை அவனவன் வருமானத்தைக் கொண்டு நிர்ணயிக்கும் முறை இருந்து வருகிறது. பணக்காரனுக்குப் பணக்கார அபராதம், ஏழைக்கு ஏழை அபராதம். வலி மட்டும் சமம். ஏழைக்காகப் பேச வருகிற தலைவர்கள் நாடாளுமன்றத்தில் இதைக் கேட்கட்டும். நாமும் உடன் வந்து கேட்கத் தயார். அதை விட்டுவிட்டு, அகப்பட்ட ஒருவனுக்குப் பத்திரம் எழுதிக் கொடுப்பது ஏழைக்குச் செய்யும் உபகாரமாகாது.

ஏன் ஆகாது? அந்த வண்டியின் முன்னே அகப்படுகிறவன் யார் என்று பாருங்கள். இந்நாட்டுச் சாலைகளில் மாளுகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் செல்பவர்களே. கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் ஷிப்டுக்குப் போகிறவன் யார்? நள்ளிரவில் திரும்பி வருகிறவன் யார்? தோட்டம் துண்டாடப்பட்டபின் பட்டணத்திற்கு வந்து அடுக்குமாடி வீட்டில் குடியேறிய நம் பிள்ளைகள்தானே? குடித்தவனுக்கு இரும்புக் கூடு இருக்கிறது. இவனுக்குத் தலைக்கவசம் ஒன்றே. ஆகவே, ஏழை என்ற பெயரால் குடித்தவனுக்குக் கருணை கேட்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, வேறோர் ஏழையின் உயிரைக் கொண்டு தானம் செய்கிறார்கள்.

இதை நாம் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. நமது கையே செய்த காரியத்தைச் சொல்லுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண விருந்தில் நாமும் உட்கார்ந்திருந்தோம். நமது மேசையிலேயே ஒருவர் மாலை முதல் குடித்தார். நமக்கு மிகவும் வேண்டியவர். அவர் எழுந்தபோது நாற்காலி சாய்ந்தது, எல்லோரும் சிரித்தோம். மேசைமேல் அவர் மறந்து வைத்த சாவியை எடுத்து அவர் பின்னால் ஓடிக் கொடுத்தது வேறு யாருமல்ல, நாமே. பதினொரு மணிக்குச் சற்றுப் பின்னர், ஷிப்டு முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளியின் மோட்டார் சைக்கிளை அவருடைய கார் மோதியது. அவர் வண்டியை நிறுத்தவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்து உறங்கி, மறுநாள் குளித்து, சாப்பிட்டு, பிற்பகல் இரண்டு மணிக்குப் போலீஸ் நிலையம் சென்று "இரவு ஏதோ இடித்ததுபோல் இருந்தது" என்று எழுதி வைத்தார்.

இங்கேதான் நேயர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். உடலில் ஏறிய மது, சாதாரணமாக 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் வீதம் கழிந்துகொண்டே இருக்கும். பதினைந்து மணி நேரத்தில் 225 மில்லிகிராம் போய்விடும். அதாவது, இன்றைய எல்லையைப்போல் நாலரை மடங்கு குடித்தவனும் அதற்குள் பச்சைக் குழந்தையாகி விடுவான். விபத்து நேர்ந்தால் வண்டியை நிறுத்த வேண்டும் என்று சட்டத்தின் 52ஆம் பிரிவு விதிக்கிறது. கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், போலீசில் தெரிவிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. நேர்மையாளனுக்குக் கொடுத்த அந்த அவகாசம், குடிகாரனுக்குத் தெளிந்து வர வாய்த்த அவகாசமாயிற்று. ஊதச் சொல்லியும் பயனில்லாமற் போகவே, குடிவெறிக் குற்றச்சாட்டு எழவில்லை. கவனக்குறைவாக ஓட்டினார் என்ற இலேசான குற்றமே சுமத்தப்பட்டது.

அதற்கு ஒரு நற்சாட்சிப் பத்திரம் வேண்டுமென்று அவர் மனைவி வந்தார். நாம் எழுதினோம். "பொறுப்புள்ள குடும்பத் தலைவர், இதுவரை ஒரு குற்றமும் அறியாதவர்" என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதினோம். அன்றிரவு நாம் கண்ணால் கண்டதைப்பற்றி ஓர் எழுத்தும் எழுதவில்லை. வழக்கு அபராதத்தோடு முடிந்தது. அபராதத்துக்கு உறவினர் வசூல் செய்தார்கள். நாமும் நூறு வெள்ளி கொடுத்தோம்.

அதே வாரத்தில் வேறோர் அம்மாள் நமது மேசைக்கு வந்தார். சொக்சோ படிவம் ஒன்றை நிரப்பித் தர வேண்டும் என்றார். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்கும் சொக்சோவில் உதவி உண்டு என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். தேதி கேட்டோம், இடம் கேட்டோம், நேரம் கேட்டோம். சொல்லச் சொல்ல நமது கை நின்றுவிட்டது. அவர் கணவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. "இடித்தது யார் என்று தெரியுமா?" என்று கேட்டோம். "யாரோ நல்ல மனிதராம் ஐயா, கோர்ட்டிலேயே கடிதம் வாசித்தார்களாம்" என்றார் அந்த அம்மாள். பேனா ஒன்று, மேசை ஒன்று, மனு இரண்டு. இரண்டாவது மனுவில், கால் போனவரும் குடும்பஸ்தர் என்று எழுதுவதற்கு ஒரு கட்டமும் இருக்கவில்லை. நாம் படிவத்தை நிரப்பிக் கொடுத்தோம். உண்மையை மட்டும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லாததை இப்போது இந்தப் பத்தியில் சொல்லுகிறோம்.

இதனால் விளங்குவது என்ன? பத்தாண்டு, பதினைந்தாண்டு என்று சட்டப் புத்தகத்தில் எழுதிவைத்த தண்டனை எவ்வளவு பெரிதாயினும், அது தப்பாமல் வந்து சேரும் என்ற நிச்சயம் இல்லாவிட்டால் அது சோளக்கொல்லைப் பொம்மையே. முதல் நாள் குருவி பயப்படும். மூன்றாம் நாள் அதன் தலைமேல் உட்காரும். மற்ற தேசங்களின் அனுபவமும் இதுவே. இங்கிலாந்தில் 1967ஆம் ஆண்டு அக்டோபரில் 80 மில்லிகிராம் என்று எல்லை வகுத்து, மூச்சை ஊதிப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தபோது, தூக்குமரம் நாட்டி யாரையும் அச்சுறுத்தவில்லை. சாலையிலேயே அகப்படுவோம் என்ற பயம் ஒன்றே பிறந்தது, விபத்துகள் குறைந்தன. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் 1982 டிசம்பரில், சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்த ஓட்டுநரையும் நிறுத்தி ஊதச் சொல்லலாம் என்ற விதி வந்தது. அங்கும் சாவு குறைந்தது. தண்டனையின் நீளத்தைவிட அதன் தவறாமையே குடிப்பவன் கையைப் பிடித்து நிறுத்துகிறது.

தவறாமையைக் கெடுப்பவை மூன்று. முதலாவது, ஓடிப்போனவனுக்கு நின்றவனைவிட இலாபம் இருப்பது. ஊத மறுப்பதும் குற்றம் என்று சட்டம் சொல்லுகிறது. அப்படியிருக்க, ஊதாமலிருக்க ஓடிப்போவது மட்டும் சிறிய குற்றமாவானேன்? மனிதனை இடித்துவிட்டு நில்லாமற் போனவனுக்கு, குடித்து இடித்தவனுக்குரிய தண்டனைக்குக் குறையாத தண்டனை விதிக்க வேண்டும் என்று கேட்கிறோம். இரண்டாவது, ஊதுகருவியோடு சாலைத் தடுப்புகள் பண்டிகைக் காலத்தோடு நின்றுவிடலாகாது. கல்யாண மண்டபங்களும் மதுக்கடைகளும் உள்ள இடமெங்கும் ஆண்டு முழுதும் வேண்டும். மூன்றாவதோ அரசாங்கத்தின் குறையன்று, அது நம்முடையது. கண்டவன் சாட்சி சொல்லாமல் பத்திரம் எழுதுவதே அது.

இந்தக் கிள்ளான் மண்ணுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஆர். எச். நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தாரும் முன்வைத்த கோரிக்கைகளில் இரண்டை மட்டும் நேயர்களுக்கு நினைவூட்டுகிறோம். ஒன்று, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. மற்றொன்று, துரையும் கிராணியும் எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்லும் உரிமை வேண்டும் என்பது. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். பின்னர் 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவில் பீடோங் பக்கத்துத் தொண்டர் படையினரும் கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். கள்ளுக்கடையை வைத்துத் தொழிலாளியின் கூலியைத் திரும்ப உறிஞ்சியது அந்தக் காலத்து ஏற்பாடு. அதை அறிந்துதான் எழுத்தறியாத நம் பாட்டன்மார் "மூடு" என்றார்கள்.

அக்கோரிக்கையில் கிராணி என்ற நமது வர்க்கத்தின் பெயரும் இருந்தது என்பதை நாம் மறக்கவில்லை. அன்று தொழிலாளி தன் இரண்டு சக்கரத்தின்மேல் தலைநிமிர்ந்து சாலையில் செல்ல முடியாதபடி கிராணி குறுக்கே நின்றான். இன்று அதே தொழிலாளியின் பேரன் இரண்டு சக்கரத்தின்மேல் வரும்போது, அவனை வீழ்த்தியவனுக்குக் கிராணியே பத்திரம் எழுதுகிறான். எண்பது ஆண்டுக்குமேல் ஆகியும் நாம் சாலையின் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம்?

அன்று வெள்ளைக்காரன் கள்ளுக்கடையை வைத்தான் என்று வைதோம். இன்று யார் வைக்கிறார்கள்? கல்யாண மண்டபத்தின் பின்புறத்தில், காரின் பின்பெட்டியைத் திறந்துவைத்துப் புட்டிகளை அடுக்குகிறவர்கள் எந்தத் துரையின் ஆட்கள்? மாப்பிள்ளை வீட்டாரே தருகிறார்கள். "ஊற்றாவிட்டால் மரியாதை இல்லை" என்கிறார்கள். விருந்தினரை வரவேற்க வாசலில் பன்னீர் தெளிக்கிறோம். வழியனுப்பும்போது மதுவைத் தெளித்துச் சாவியைக் கையில் கொடுக்கிறோம். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரம் ஒதுக்கியதைப் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் பிள்ளைகள் முழங்குகிறார்கள். கோப்பையைக் கொடுத்து அனுப்பிய தலைவர் மாலையில் மண்டபத்தின் பின்புறம் போகிறார்.

நாம் கருணைக்கு விரோதியல்ல. கருணைக்கு ஒரு நேரம் உண்டு என்கிறோம். சாவி இன்னும் மேசைமேல் இருக்கும்போது காட்டுவதே கருணை. அப்போது அதை எடுத்து நமது சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவர் நம்மை வைதாலும் பொறுத்து, வாடகை வண்டியில் ஏற்றி அனுப்புவது கருணை. சிறைக்குப் போனவனுடைய மனைவி மக்கள் குற்றம் செய்யாதவர்கள். அவர்கள் அடுப்பு எரிய வசூல் செய்வது கருணை. அபராதத்துக்கு வசூல் செய்வதாயின், கால் போனவனுக்கும் அதே தட்டில் வசூல் செய்யாதது கருணையன்று, கட்சி கட்டுதல்.

ஆகவே நமது முடிவைச் சொல்லிவிடுகிறோம். இனி நமது மேசைக்கு வருபவர்களுக்கு மற்ற மனுக்களை முன்போலவே எழுதுவோம். குடித்து ஓட்டியவருக்குப் பத்திரம் வேண்டுமென்றால் அதையும் எழுதுவோம். ஆனால், அவர் என்ன குடித்தார், எத்தனை மணிக்குக் குடித்தார், யார் ஊற்றினார், யார் சாவி கொடுத்தார் என்பதையும் அதிலேயே எழுதுவோம். அப்படிப்பட்ட பத்திரத்தை வாங்கிக்கொள்ள யாரும் வரமாட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். கோயில் தலைவர்களும் சங்கத் தலைவர்களும் இவ்வாறே தங்கள் முத்திரையைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்களாக.

அந்த அம்மாள் இன்னும் நமது தோட்டத்து வழியாகத்தான் சந்தைக்குப் போகிறார். நம்மைக் கண்டால், படிவம் எழுதிக் கொடுத்த நன்றிக்காகக் கும்பிடுகிறார். அந்தக் கும்பிடு நமக்கு உரியதன்று. இப்பத்திரிகை வெளிவந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு நாமே போய்ப் படித்துக் காட்டுவோம்.